பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற நினைப்போருக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் தங்கை ஒருவர், சென்ற தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வந்தபோது வாசலில் நின்றபடியே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, எனக்கு முப்பத்தொன்பது வயசாகுது. இனிமே டிகிரி படிக்கணும்னா எந்த வழி சரியா வரும்?" அவரிடம் இருபது ஆண்டுகளுக்கு முன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பெற்ற நைட்டெக் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறார். கணவருக்குத் துவாஸில் சுழற்சி முறை வேலை; பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். மேல்நிலைத் (ஏ லெவல்) தேர்வை எழுது என்று ஒருவரும், தனியார் கல்லூரியில் சேர்ந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று இன்னொருவரும், மறுபடியும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் (பாலிடெக்னிக்) போ என்று மூன்றாமவரும் சொல்லி அவரைக் குழப்பியிருந்தார்கள். வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அது இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவருக்காக எழுதத் தொடங்கியது, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இப்படி விரிந்துவிட்டது.

பள்ளியை முடித்த கையோடு தொடக்கக் கல்லூரிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் நேர்வழியைத் தவறவிட்டவர்களுக்கு இந்நாட்டில் இடமே இல்லை என்ற எண்ணம் நம் சமூகத்தில் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது பழைய காலத்து எண்ணம். சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தின் வழியாகப் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தை 1990களிலேயே இங்கிருந்து படிக்க முடிந்தது. அந்த வேரிலிருந்து 2005இல் வேலை செய்வோருக்கென்றே யூனிசிம் பல்கலைக்கழகம் தோன்றியது. 2017இல் அது சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயருடன் அரசின் ஆதரவு பெற்ற ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றானது. ஒவ்வோர் ஆண்டுத் தொகுதி மாணவர்களிலும் 40 விழுக்காட்டினருக்கு 2020க்குள் முழுநேரப் பல்கலைக்கழக இடம் கிடைக்க வேண்டும் என்று 2012இல் அரசு முடிவு செய்தபோது, பகுதிநேரமாகப் படிக்கும் பெரியவர்களையும் சேர்த்து அந்த விகிதம் 50ஐ எட்டும் என்றே கணக்கிட்டது. வேலைக்குப் போன பிறகு படிக்க வருபவர்களுக்கும் திட்டமிட்டே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வழிகளை ஒப்பிடும்போது பெரும்பாலோர் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள்: எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டு ஆகும். இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் முப்பதைக் கடந்த ஒருவர் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று நான் கருதுகிறேன். நடுவில் படிப்பு நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும் என்பதே அது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்பது ஒன்றுதான் வேலை. நமக்கோ அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க நேரலாம், வேலை நேரம் மாறலாம், பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரலாம். ஐந்தாறு ஆண்டு நீளும் படிப்பில் இவற்றுள் ஒன்றாவது நிச்சயமாக நடக்கும். ஆகவே இடையில் நின்றாலும் படித்த அளவுக்குப் பயன் தரும் வழி எது, நின்றால் மொத்தமும் வீணாகும் வழி எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. எனக்கு இருபத்தேழு வயதானபோது, ஜூரோங்கில் ஒரு கிடங்கில் சுழற்சி முறையில் வேலை பார்த்துக்கொண்டே, தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுத முடிவு செய்தேன். ஓராண்டு முழுவதும் இரவு வேலை முடிந்து வந்து பொருளியல் பாடத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் எல்லாவற்றையும் விட வேண்டியதாயிற்று. பதினெட்டு மாத உழைப்புக்கு அடையாளமாக என்னிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குறிப்பிடுவதற்கும் அதில் எதுவும் இல்லை. பின்னாளில் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, இரண்டாவது மகள் பிறந்த சமயத்தில் ஒரு பருவம் விடுப்பு எடுத்துவிட்டு, முன்பு தேறிய பாடங்கள் அப்படியே இருக்க, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. இந்த இரண்டு அனுபவங்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் என் கருத்தை உருவாக்கியது.

அதனால் மேல்நிலைத் தேர்வு தவறான வழி என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அதுதான் சரியான வழி. தொடக்கக் கல்லூரியில் படித்து மதிப்பெண் சற்றுக் குறைந்துபோன, தேசிய சேவையை இப்போதுதான் முடித்திருக்கிற, குடும்பப் பொறுப்பு இல்லாத இளைஞருக்கு அது பொருந்தும். மருத்துவம் போன்ற முழுநேரப் படிப்பில் மட்டுமே மனம் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். 2026இல் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்கள் முதல் சேர்க்கைப் புள்ளிகள் 90க்குப் பதிலாக 70க்குக் கணக்கிடப்படுகின்றன. எச்2 எனப்படும் மூன்று முதன்மைப் பாடங்களும் பொதுத்தாளும்தான் அடிப்படை. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். திட்டப்பணி இனித் தேர்ச்சி, தோல்வி என்ற அளவில் நின்றுவிடுகிறது. குறைவான பாடங்களில் முழுக் கவனம் செலுத்தக்கூடியவருக்கு இது சாதகமான மாற்றம். ஆனால் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. தொடக்கக் கல்லூரியின் ஆய்வுக்கூடமும் ஆசிரியரும் இல்லாமல் அறிவியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராவது மிகக் கடினம். நடுவில் நிறுத்தினால் எதுவும் மிஞ்சாது. குடும்பத்தோடு இருக்கும் நாற்பது வயதுக்காரரிடம் இந்த வழியை யாராவது பரிந்துரைத்தால், பரிந்துரைப்பவர் தம் இளமைக்கால நினைவிலிருந்து பேசுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வின் நிலை வேறு. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி இல்லாததால் எல்லாக் கதவுகளும் மூடிக் கிடப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், குறிப்பாக ஐம்பதை நெருங்குகிற தலைமுறையில். அவர்களுக்கு அந்த இரண்டு பாடங்களில் கிடைக்கும் தேர்ச்சி தனியாகவே மதிப்புள்ளது. தொழில்நுட்பக் கல்விக் கழகம் வேலை செய்வோருக்கென்று வழக்கநிலை (என் லெவல்), சாதாரண நிலைப் பாடங்களைப் பகுதிநேரமாக நடத்தி வருகிறது. பாடம் பாடமாக எழுதலாம். பெற்ற தேர்ச்சி நிலைக்கும். 2027 முதல் வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது என்பதால், இந்த வழியில் செல்ல நினைப்பவர் எந்தத் தேர்வுக்கு, எந்தப் பாடத்திட்டத்தின்படி படிக்கிறோம் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய பயிற்சிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஓராண்டை வீணாக்கிவிடக் கூடாது.

அடுத்தது நம் குடும்பங்களில் பலரும் தயக்கத்தோடு பார்க்கும் வழி: தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி, அங்கிருந்து பல்கலைக்கழகம். "சுற்றுப்பாதை" என்று இதைக் குறைத்துச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஆண்டுகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் என் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். நைட்டெக்கிற்கு ஒரு படி மேலான ஹையர் நைட்டெக் முடித்தவுடன் ஒரு சான்றிதழ் கையில் இருக்கிறது. அதில் நல்ல சராசரி பெற்றவர், தொடர்புடைய துறையாக இருந்தால், பலதுறைத் தொழிற்கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வாய்ப்புண்டு. டிப்ளோமா முடித்தால் சம்பளத்திலும் பதவியிலும் அதற்கென்று தனி மதிப்பு இருக்கிறது. தொடர்புடைய பட்டப்படிப்பில் சேரும்போது சில பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கலாம். எந்தப் படியில் நின்றாலும் நின்ற இடத்தில் கால் ஊன்ற இடமிருக்கிறது. முழுநேரமாகப் படிக்க முடியாதவர்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் மாலை நேரத்தில் பகுதிநேர டிப்ளோமா நடத்துகின்றன. அவை பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. பழைய மதிப்பெண்கள் போதாதவருடைய வேலை அனுபவத்தையும் பல படிப்புகளில் கருத்தில் கொள்கிறார்கள். வேலையைத் தக்கவைத்துக்கொண்டே, முதலாளியின் ஆதரவோடு சம்பளமும் பெற்றுப் படிக்க, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் வேலை-படிப்பு டிப்ளோமாவும் உண்டு.

இந்த வழியில் வயது ஒரு முக்கியமான எல்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பயின்று, 30 வயதுக்குள் டிப்ளோமா படிப்பில் சேரும் சிங்கப்பூரருக்கு, 2025 முதல் உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி நிரப்பப்படுகிறது. டிப்ளோமாவை முடித்ததும், ஓய்வுக்காலத்துக்கும் வீட்டுக்குமான சேமிப்பாகிய மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் மேலும் 10,000 வெள்ளி சேர்கிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் "பிள்ளை பெரிதானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் தம்பி தங்கைகள் இந்த ஒன்றுக்காகவாவது நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வயது 31 ஆகும்போது அந்தக் கல்விக் கணக்கே மூடப்பட்டு, எஞ்சிய தொகை மத்திய சேம நிதிக்குப் போய்விடும்.

இனி நான் நீண்ட நேரம் நின்று பேச விரும்பும் வழிக்கு வருகிறேன். டிப்ளோமாவோ மேல்நிலைத் தேர்ச்சியோ ஏற்கெனவே உள்ள, வேலையை விட முடியாத ஒருவருக்குப் பகுதிநேரப் பட்டப்படிப்பே முதலில் ஆராய வேண்டிய வழி. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் பட்டப்படிப்புகளுக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வேலை அனுபவம் தடையாக அல்ல, தகுதியாகவே பார்க்கப்படுகிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் மாணவர் சேர்க்கை நடப்பதால், ஒருமுறை தவறவிட்டாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கிளமெண்டி ரோட்டில் உள்ள வளாகத்தில் வேலை முடிந்த பிறகு, மாலை ஏழு மணியளவில் வகுப்புகள் தொடங்கும். பக்கத்து இருக்கையில் தாதியோ, காவல்துறை அதிகாரியோ, பேரப்பிள்ளை எடுத்த பாட்டியோ உட்கார்ந்திருக்கலாம்; அங்கே உங்கள் வயது யாருக்கும் விந்தையாகத் தோன்றாது. சமூகப்பணி, குழந்தைப்பருவக் கல்வி, கணக்கியல், வணிகம் என்று துறைகள் பலவுண்டு. தமிழ்மொழியும் இலக்கியமும் பட்டப்பாடமாக இருக்கிறது என்பதை நம் ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். ஒரு காலத்தில் தமிழில் பட்டம் பெறத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்பை நாடியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பாடநூல் கட்டுகள் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருந்த கதைகளைப் பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்தப் பட்டத்தை எம்ஆர்டி ஏறிப் போய்ப் படிக்கலாம். 2017இல் அங்கே தொடங்கப்பட்ட சட்டப் பள்ளி, குற்றவியல் சட்டத்திலும் குடும்பச் சட்டத்திலும் கவனம் செலுத்துகிறது. வேறு தொழிலில் இருந்து நடுவயதில் சட்டத்துக்கு வருபவர்களை மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டது. சமூக சேவையிலும் நீதிமன்றங்களிலும் பணியாற்றி அனுபவம் பெற்ற நம்மவர்கள் இதை ஒருமுறையாவது விசாரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் வலிமை, பாடம் பாடமாக எழுதித் தேறுவதுதான். ஒரு பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுக்கலாம், வேலை இளகிய பருவத்தில் கூடுதலாக எடுக்கலாம். முழுப் பட்டப்படிப்பில் சேரும் துணிவு வரவில்லை என்றால் தனிப் பாடங்களாகத் தொடங்கிப் பின்னர் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளவும் இயலும். நான் முதலில் செய்ததும் அதைத்தான். ஒரே ஒரு பாடத்தை எழுதிப் பார்த்து, என்னால் முடியும் என்று தெரிந்த பிறகே பதிவு செய்தேன். பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பறை நேரம் குறைவு, தானாகப் படிக்க வேண்டிய பாடம் அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளும், ஞாயிற்றுக்கிழமையில் பாதியும், நான்கைந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து போய்விடும். என் மனைவி அந்த ஆண்டுகளில் தனியாகச் சமாளித்தது எத்தனை என்பதைப் பட்டமளிப்பு விழாவில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். வீட்டில் இருப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

பொறியியல் டிப்ளோமா உள்ளவர்கள் இதோடு சேர்த்து இன்னும் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமாவும் வேலை அனுபவமும் உள்ளவர்களுக்கான பகுதிநேரத் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பகுதிநேரப் பொறியியல் பட்டம் வழங்கி வந்திருக்கிறது. 2009இல் தொடங்கி 2014இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம், குறுஞ்சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டமாக ஆக்கும் வழியைச் சில துறைகளில் திறந்திருக்கிறது. என் அளவுகோலின்படி பார்த்தால் மிக நேர்த்தியான ஏற்பாடு இது. ஒவ்வொரு குறுஞ்சான்றிதழும் தனியாகவே வேலைக்கு உதவும். துறைகள் குறைவு என்பது மட்டுமே குறை.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கத் துணிபவர்களும் இருக்கிறார்கள். மதிப்பெண் மட்டும் பார்க்காமல் ஆற்றலையும் ஆர்வத்தையும் கருதும் சேர்க்கை முறை தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் உண்டு. நேர்காணலில் பத்தாண்டு வேலை அனுபவம் நன்றாகவே பேசும். குடிமக்களுக்குக் கல்விக் கட்டண மானியம் கிடைக்கிறது. கல்வி அமைச்சின் கட்டணக் கடன், மானியத்துக்குப் பிந்தைய கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறது. மத்திய சேம நிதியிலிருந்தும் கடனாக எடுக்கலாம். ஆனால் இங்கே உண்மையான செலவு கட்டணம் அன்று, மூன்று நான்கு ஆண்டு இழக்கும் சம்பளம். மாதம் 3,000 வெள்ளி சம்பாதிப்பவர் மூன்றாண்டில் 108,000 வெள்ளியை விட்டுக்கொடுக்கிறார். மத்திய சேம நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும் நின்றுவிடும். வீட்டுக் கடனை அந்தக் கணக்கிலிருந்து கட்டுபவர் இதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் பதவி விலகல் கடிதம் கொடுக்கக் கூடாது.

நாற்பதைத் தொட்டவர்களுக்கு இக்கணக்கு சற்று மாறுகிறது. 2024 மே மாதம் முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, அரசு பயிற்சிக்கென்று தொகை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டிருக்கிறது. இது தேர்ந்தெடுக்கப்பட்ட டிப்ளோமா, பட்டப்படிப்புகளுக்கும் பயன்படும்; காலாவதியாகாது. மானியத்துடன் மற்றொரு முழுநேர டிப்ளோமா படிக்கவும் 2025 முதல் இவ்வயதினருக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. தகுதிபெறும் முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதத்துக்கு 3,000 வெள்ளிக்கு மிகாமல், வாழ்நாளில் 24 மாதங்கள் வரை பயிற்சிப் படித்தொகையாகக் கிடைக்கும். பகுதிநேரமாகப் படிப்போருக்கு மாதம் 300 வெள்ளி வழங்கும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. எட்டாவது மாடித் தங்கைக்கு இன்னும் ஓராண்டில் நாற்பது வயதாகிறது என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். அவர் விஷயத்தில் சற்றுப் பொறுத்திருப்பதே ஆதாயம். முப்பதுக்குக் கீழே உள்ளவர் அவசரப்பட வேண்டும், நாற்பதை நெருங்குபவர் பொறுக்க வேண்டும் என்பதை வயதுக் கணக்கே சொல்லிவிடுகிறது.

தனியார் கல்வி நிலையங்களைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை இங்கேயே நடத்தும் நிலையங்கள் பல உள்ளன. அவற்றில் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். சேர்க்கைத் தகுதியில் நெகிழ்வு உண்டு. டிப்ளோமா உள்ளவர் ஒன்றரை, இரண்டு ஆண்டில்கூட முடித்துவிடலாம். விரைவுக்கு விலையும் உண்டு: கல்வி அமைச்சின் மானியம் கிடையாது, கட்டணம் முழுவதும் நம் பையிலிருந்து போகிறது. என் உறவினர் ஒருவர், "இந்தப் பட்டம் எல்லா இடத்திலும் செல்லும்" என்று சேர்க்கை அலுவலர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிச் சேர்ந்தார். முடித்த பிறகுதான், அவர் விரும்பிய தொழிலுக்கான பதிவுக் கழகம் அந்தப் பட்டத்தை ஏற்பதில்லை என்று தெரிந்தது. அவர் அழுத இரவு எனக்கு மறக்காது. தனியார் நிலையங்கள் வழங்கும் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அரசு அங்கீகாரம் அளிப்பதில்லை. ஏற்பதும் மறுப்பதும் முதலாளியும் அந்தந்தத் தொழிற்கழகமும் எடுக்கும் முடிவு. ஆகவே சட்டம், பொறியியல், சமூகப்பணி, கணக்கியல் போன்ற துறைகளில் முதலில் தொழிற்கழகத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கல்லூரியின் கையேட்டைத் திறக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் கேள்வியை இங்கே இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் போனது பெரும்பணம். நிலையம் சட்டப்படி பதிவு பெற்றதா, எடுடிரஸ்ட் தரச்சான்று உள்ளதா, கட்டணப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவசரப்படுத்தும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்; இன்று கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

திருமணமாகி இங்கே வந்திருக்கும் சகோதரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள், இங்கே நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்கள் பலர். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை குடிமக்களுக்கு மட்டுமே. பகுதிநேரப் பட்டப்படிப்பின் அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. முழுநேரப் பட்டப்படிப்பில் மானியம் பெறும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டவரும், படிப்புக்குப் பின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யக் கடப்பாடு உண்டு. ஆகவே நிரந்தரவாச விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் சகோதரிக்கு, அந்த முடிவு தெரியும்வரை இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டப்படிப்பைத் தொடர்வதும், கூடவே இங்கே ஆங்கிலத் தேர்ச்சியை வளர்த்துக்கொள்வதும் செலவு குறைந்த வழி. அந்தப் பட்டம் இங்கே எந்த வேலைக்குச் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இவருக்கும் பொருந்தும்.

பட்டத்தாள் தேவையில்லை, கற்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே உள்ள மூத்தவர்களுக்கு, 2016இல் தொடங்கப்பட்ட தேசிய மூத்தோர் கல்வித் திட்டத்தின் (National Silver Academy) வழியே பல்கலைக்கழக வகுப்புகளில் தேர்வு எழுதாமல் அமர்ந்து கேட்க வாய்ப்புண்டு. வருமானம் குறைந்த இந்தியக் குடும்பங்களுக்கு, 1991 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா உதவித்தொகை வழங்குகிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகம் முதல் பல்கலைக்கழகம்வரை படிப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகை அவர்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

எட்டாவது மாடித் தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்த பதில் இதுதான். மேல்நிலைத் தேர்வு வேண்டாம். தனியார் பட்டமும் இப்போதைக்கு வேண்டாம், அவருடைய நைட்டெக் சான்றிதழிலிருந்து நேராகப் பட்டத்துக்குத் தாவ முயல்வது பணத்தை நெருப்பில் போடுவதாகலாம். பாலர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகவே 2019இல் ஒருங்கிணைக்கப்பட்ட தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகத்தில் அவருடைய தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற படிப்பு எது என்று முதலில் விசாரிக்க வேண்டும். டிப்ளோமாவுக்கு நேரடியாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அதற்கு முந்தைய சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். அதுவும் வேலையில் ஒரு படி ஏற்றம்தான். நாற்பது வயதானதும் அந்த 4,000 வெள்ளி அவர் கணக்கில் வந்திருக்கும். டிப்ளோமா முடிந்த பிறகு, உடலும் வீடும் ஒத்துழைத்தால், சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் குழந்தைப்பருவக் கல்விப் பட்டத்தைப் பகுதிநேரமாகத் தொடங்கலாம். மொத்தம் ஏழெட்டு ஆண்டு ஆகலாம் என்று மறைக்காமல் எழுதினேன். எந்த ஆண்டில் நின்றாலும் அதற்கு முந்தைய ஆண்டைவிட நல்ல இடத்தில் நிற்பார் என்றும் எழுதினேன்.

சென்ற வாரம் மின்தூக்கியில் அவரைப் பார்த்தேன். விசாரித்து வந்துவிட்டாராம். கணவரின் மூன்று மாத வேலை அட்டவணையை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி, அவர் பகல் வேலையில் இருக்கும் வாரங்களைப் பச்சை மையால் வட்டமிட்டிருக்கிறாராம். வியாழக்கிழமை மாலை மட்டும் இடிக்கிறது, அன்று சின்னவனுக்குத் துணைப்பாட வகுப்பு என்றார். வியாழக்கிழமைகளில் அவனை எங்கள் வீட்டில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்; வகுப்புக்கு நான் கூட்டிப் போய் வருவேன்.